வீட்டுக் கம்ப்யூட்டரில் மைக்ரோவேவ் ஃபில்டர்

பெரம்பலூர், அரியலூர் பக்கம் எலக்ட்ரானிக்ஸ் படிக்கும் மாணவர்களிடம் ‘இறுதியாண்டு புராஜெக்ட் என்ன?’ என்று கேட்டுப் பாருங்கள். பத்தில் எட்டுப் பேர் மைக்ரோகன்ட்ரோலர், சென்சார், ஆண்ட்ராய்டு ஆப் என்று சொல்வார்கள். மைக்ரோவேவ் பக்கம் தலைவைத்துப் படுப்பவர்கள் குறைவு. ‘அதற்கு லேப் வேண்டும், கருவி வேண்டும், பல லட்சம் ரூபாய் ஆகும்’ என்ற பயம்தான் காரணம். கடைசியில் திருச்சியிலோ சென்னையிலோ ஏதாவது ஒரு புராஜெக்ட் சென்டரில் ரெடிமேடாக ஒன்றை வாங்கி, பைண்டிங் செய்து கொடுத்துவிடுகிறார்கள். நான்கு வருடப் படிப்பின் கடைசி வாய்ப்பு இப்படிப் போகிறது.

இந்தப் பயம் இன்று தேவையில்லை. வீட்டில் இருக்கும் சாதாரண கம்ப்யூட்டர், இலவச சாஃப்ட்வேர், ஒரு லேசர் பிரின்டர், அயர்ன் பாக்ஸ், சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும் ஓர் அளவுக் கருவி, இவை போதும். உலக ஆராய்ச்சி இதழ்களில் ஏராளமான கட்டுரைகளுக்குக் காரணமான ஒரு ஃபில்டரை நீங்களே வடிவமைத்து, செய்து, அளந்தும் பார்க்கலாம். அதன் பெயர் ‘நாட்ச் உள்ள அல்ட்ரா வைட்பேண்ட் பேண்ட்பாஸ் ஃபில்டர்’. பெயர் நீளம், விஷயம் எளிது.

அல்ட்ரா வைட்பேண்ட் என்றால் என்ன?

எஃப்.எம். ரேடியோ, செல்போன், வைஃபை எல்லாமே தங்களுக்கென்று ஒதுக்கப்பட்ட குறுகிய இடத்தில் சற்றுப் பலமாகப் பேசுபவை. அல்ட்ரா வைட்பேண்ட் இதற்கு நேர்மாறு. மிக அகன்ற இடத்தில் மிக மெதுவாக முணுமுணுக்கும். அமெரிக்காவின் தகவல் தொடர்பு ஆணையமான எஃப்.சி.சி. 2002 பிப்ரவரியில் 3.1 முதல் 10.6 கிகா ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியை லைசென்ஸ் இல்லாமல் பயன்படுத்த அனுமதித்தது. மொத்த அகலம் 7.5 கிகா ஹெர்ட்ஸ். நடுவில் இருப்பது 6.85 கிகா ஹெர்ட்ஸ். அதாவது பட்டையின் அகலம் அதன் நடு அதிர்வெண்ணைவிடப் பெரியது. கணக்குப் போட்டால் சுமார் 109 சதவீதம்.

நிபந்தனை என்ன தெரியுமா? ஒவ்வொரு மெகா ஹெர்ட்ஸுக்கும் மைனஸ் 41.3 டிபிஎம், அதாவது சுமார் 74 நானோவாட்டுக்கு மேல் போகக் கூடாது. 7,500 மெகா ஹெர்ட்ஸையும் முழுதாக நிரப்பினாலும் மொத்த சக்தி அரை மில்லிவாட்டைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். உங்கள் வீட்டு வைஃபை ரூட்டர் 100 மில்லிவாட் வாக்கில் அனுப்புகிறது என்பதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

முதலில் இதை வைத்து ஒயர் இல்லாத யுஎஸ்பி செய்வோம், நொடிக்கு 480 மெகாபிட் அனுப்புவோம் என்று கம்பெனிகள் போட்டி போட்டன. அந்தக் கனவு பலிக்கவில்லை; வைஃபை வேகமாக வளர்ந்து அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. ஆனால் தொழில்நுட்பம் சாகவில்லை. 2019-ல் ஆப்பிள் தன் ஐபோன் 11-ல் யு1 என்ற சிப்பை வைத்தபோது வேறு வேடத்தில் திரும்பி வந்தது. தொலைந்த சாவிக்கொத்து எந்தத் திசையில், எத்தனை அடி தூரத்தில் இருக்கிறது என்று போன் காட்டுவது இதன் வேலைதான். இந்த வகைச் சாதனங்கள் பெரும்பாலும் 6.5, 8 கிகா ஹெர்ட்ஸை ஒட்டிய, சுமார் 500 மெகா ஹெர்ட்ஸ் அகலமுள்ள இரண்டு சேனல்களில் வேலை செய்கின்றன. முழு அகலமும் தேவைப்படுவது மண்ணுக்குள்ளும் சுவருக்குள்ளும் பார்க்கும் ரேடார் போன்றவற்றுக்கு.

பக்கத்து வீட்டுத் தொல்லை

இவ்வளவு பெரிய பட்டையில் மற்றவர்கள் யாரும் இல்லையா? நிறையப் பேர் இருக்கிறார்கள். பட்டியலைப் பாருங்கள்:

* 3.3 முதல் 3.67 கிகா ஹெர்ட்ஸ்: இந்தியாவில் 2022-ல் ஏலம் விடப்பட்ட 5ஜி.
* 3.7 முதல் 4.2 கிகா ஹெர்ட்ஸ்: சாட்டிலைட் டிவி. உங்கள் ஊர் கேபிள் ஆபரேட்டர் வீட்டு மாடியில் இருக்கும் பெரிய டிஷ் பிடிப்பது இதைத்தான்.
* 5.15 முதல் 5.35 வரையிலும், 5.725 முதல் 5.825 வரையிலும்: வைஃபை.
* 7.25 முதல் 8.4 வரை ஆங்காங்கே: எக்ஸ் பேண்ட் சாட்டிலைட்.

அல்ட்ரா வைட்பேண்ட் ரிசீவரின் கதவு 3.1-லிருந்து 10.6 வரை திறந்தே கிடக்கிறது. அதற்கு வரவேண்டிய சிக்னலோ முணுமுணுப்பு. பக்கத்திலேயே வைஃபை உரக்கக் கத்தினால் ரிசீவரின் முதல் ஆம்ப்ளிஃபயர் திணறிவிடும். எனவே ஃபில்டர் இரண்டு வேலை செய்ய வேண்டும். 3.1-க்குக் கீழேயும் 10.6-க்கு மேலேயும் உள்ளதை வெளியே நிறுத்த வேண்டும். உள்ளே அனுமதித்த பட்டையிலும் வைஃபை இருக்கும் இடத்தில் மட்டும் ஒரு குழி வெட்ட வேண்டும். இந்தக் குழிக்குத்தான் நாட்ச் என்று பெயர்.

அரியலூரில் சுண்ணாம்புக்கல் லாரிகள் ஓடும் சாலையை நினைத்துக்கொள்ளுங்கள். சாலை அகலமாக இருக்க வேண்டும், லாரிகள் வேகமாகப் போக வேண்டும். ஆனால் பள்ளிக்கூடம் இருக்கும் நூறு அடியில் மட்டும் கட்டுப்பாடு வேண்டும். அந்த நூறு அடிக்காக அரை கிலோமீட்டர் சாலையை மூடிவிட்டால் யாருக்கும் பயன் இல்லை. நாட்ச் வடிவமைப்பின் கஷ்டம் முழுவதும் இதில்தான் இருக்கிறது.

இது ஏட்டுச் சுரைக்காய் அல்ல. 5ஜி 3.67-ல் முடிகிறது, டிவி 3.7-ல் தொடங்குகிறது. நடுவே இருப்பது வெறும் 30 மெகா ஹெர்ட்ஸ் இடைவெளி. டிஷ்ஷில் உள்ள எல்என்பி, 36,000 கிலோமீட்டர் தாண்டி வரும் மெல்லிய சிக்னலுக்காகச் செய்யப்பட்டது. பல எல்என்பிகள் 3.4 கிகா ஹெர்ட்ஸிலிருந்தே கேட்கத் தொடங்கிவிடும். பக்கத்துத் தெருவில் 5ஜி டவர் வந்தால் அது திணறி, சேனல்கள் கட்டம் கட்டமாக உடையலாம். இதற்காக ஃபீட்ஹார்னுக்கும் எல்என்பிக்கும் நடுவில் மாட்டும் உலோகக் குழாய் வடிவ ஃபில்டர்கள் விற்பனையில் உள்ளன. உருவம் வேறு, அடிப்படைத் தத்துவம் ஒன்றே.

சிங்கப்பூரில் பிறந்த வழி

பழைய பாட முறைப்படி 109 சதவீத அகலத்துக்கு ஃபில்டர் செய்வது கடினம். ஒவ்வொரு ரெசனேட்டரும் ஓர் அதிர்வெண்ணுக்கு என்று வைத்து வரிசையாக அடுக்கினால் பலகை நீண்டுகொண்டே போகும்.

2005-ல் சிங்கப்பூர் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லெய் ஜூ, ஷெங் சன் ஆகியோர் உல்ஃப்காங் மென்ஸெலுடன் சேர்ந்து ஒரு சுருக்கு வழியை வெளியிட்டார்கள். ஒரே ரெசனேட்டரின் மூன்று ஒத்ததிர்வுகளையும் பயன்படுத்திக்கொள்வது என்பதே அது. வீணைக் கம்பி ஒன்றை மீட்டினால் அடிப்படைச் சுருதியோடு அதன் மேல் சுருதிகளும் சேர்ந்து ஒலிக்கின்றன அல்லவா? சாதாரண ஃபில்டரில் அந்த மேல் சுருதிகள் வேண்டாத விருந்தாளிகள். இவர்கள் அவற்றையே வேலைக்கு அமர்த்தினார்கள். ஒன்று பட்டையின் கீழ்ப் பக்கம், ஒன்று நடுவில், ஒன்று மேல் பக்கம். இரு முனைகளிலும் உள்ள இணைக்கோடுகள் இவற்றை ஒன்றாக இழுத்து ஒரே பட்டையாக்குகின்றன.

ரெசனேட்டரின் உருவம் எளிது. நடுவில் ஓர் அகலக் கோடு. அதன் நீளம் நடு அதிர்வெண்ணில் அரை அலைநீளம். இரண்டு பக்கமும் மெல்லிய கைகள். ஒவ்வொன்றும் கால் அலைநீளம். கையின் இம்பீடன்ஸை நடுக்கோட்டின் இம்பீடன்ஸால் வகுத்து, வர்க்கமூலம் எடுத்து, அதற்கு டேன் இன்வர்ஸ் கண்டுபிடியுங்கள். வரும் கோணத்தை 90-ஆல் வகுத்து 6.85-ஆல் பெருக்கினால் முதல் ஒத்ததிர்வு கிடைக்கும். இரண்டாவது 6.85. முதலாவது எவ்வளவு கீழே இருக்கிறதோ, மூன்றாவது அவ்வளவு மேலே.

கை 100 ஓம், நடு 50 ஓம் என்று வைப்போம். விகிதம் 2, வர்க்கமூலம் 1.414, கோணம் 54.7 டிகிரி. எனவே ஒத்ததிர்வுகள் 4.17, 6.85, 9.53. முழுக்கோடும் ஒரே அகலமாக இருந்தால் 3.43, 6.85, 10.28 என்று விரிந்து போகும். விகிதம் 3 ஆனால் 4.57, 6.85, 9.13 என்று நெருங்கி வரும். ஒரே ஓர் எண்ணைத் திருப்பிப் பட்டையின் அகலத்தை மாற்ற முடிகிறது. சயின்டிஃபிக் கால்குலேட்டர் போதும்.

நான்கு மடங்கு பெரிதாகச் செய்வோம்

இப்போது சிக்கல். 10.6 கிகா ஹெர்ட்ஸ் வரை அளக்கும் நெட்வொர்க் அனலைசரின் விலை பல லட்சம். மேலும் அந்த அதிர்வெண்ணில் கோடுகளுக்கு இடையே 0.1 மி.மீ. இடைவெளி வேண்டும். வீட்டில் அயர்ன் பாக்ஸ் வைத்து அதைச் செய்ய முடியாது.

வழி இருக்கிறது. மின்காந்த அலைகளுக்கு ஒரு நல்ல குணம் உண்டு. எல்லா அளவுகளையும், பலகையின் தடிமன் உட்பட, நான்கு மடங்கு பெரிதாக்கினால் எல்லா அதிர்வெண்ணும் நான்கில் ஒரு பங்காகும். வரைபடத்தின் உருவம் மாறாது. செம்பிலும் பலகையிலும் ஏற்படும் இழப்பு மட்டும் சற்று வேறுபடும்.

* 3.1 – 10.6 கிகா ஹெர்ட்ஸ் பட்டை 0.775 – 2.65 ஆகிவிடும்.
* நடு அதிர்வெண் 6.85-லிருந்து 1.71 ஆகும்.
* வைஃபை குழி 5.15 – 5.825-லிருந்து 1.29 – 1.46 ஆகும்.
* 0.1 மி.மீ. இடைவெளி 0.4 மி.மீ. ஆகும்.
* கடையில் கிடைக்கும் 1.6 மி.மீ. பலகை, உண்மையான 0.4 மி.மீ. பலகைக்குப் பதிலாக நிற்கும்.

2.65 கிகா ஹெர்ட்ஸ் வரை அளக்க, 3 கிகா ஹெர்ட்ஸ் வரை போகும் நானோவிஎன்ஏ வி2 போதும். உள்ளங்கையில் அடங்கும் கருவி. வாங்கும்போது கவனம் தேவை: நானோவிஎன்ஏ என்ற பெயரில் வரும் முதல் தலைமுறைக் கருவிகள் 900 மெகா ஹெர்ட்ஸ், 1.5 கிகா ஹெர்ட்ஸ் என்று நின்றுவிடும். அவை இந்த வேலைக்கு உதவாது.

அளவுகள்

பலகை எஃப்ஆர்4, இரண்டு பக்கமும் செம்பு உள்ளது. மின்கடத்தா எண் சுமார் 4.4, தடிமன் 1.6 மி.மீ.

* நடுக்கோடு 50 ஓம்: அகலம் 3.1 மி.மீ., நீளம் 48 மி.மீ.
* கைகள் 100 ஓம்: அகலம் 0.7 மி.மீ., நீளம் ஒவ்வொன்றும் சுமார் 25 மி.மீ.
* உள்ளே வரும், வெளியே போகும் கோடுகள்: கையை ஒட்டி அதே நீளத்துக்கு ஓடும் மெல்லிய கோடு, பிறகு 3.1 மி.மீ. அகலக் கோடாகி எஸ்எம்ஏ கனெக்டரில் முடியும்.

மொத்த ரெசனேட்டர் நீளம் சுமார் 98 மி.மீ. உண்மையான அளவில் இதில் நான்கில் ஒரு பங்கு, அதாவது பத்து ரூபாய் நாணயத்தின் 27 மி.மீ. குறுக்களவுக்கு உள்ளேயே அடங்கிவிடும். மின்கடத்தா எண் 10-க்கு மேல் உள்ள பலகையில் செய்தால் 16 மி.மீ. அளவுக்குச் சுருங்கும். ‘காம்பாக்ட்’ என்று சொல்வது இதனால்தான்.

கம்ப்யூட்டரில் சோதனை

குக்ஸ் என்ற இலவச சாஃப்ட்வேரை டவுன்லோட் செய்துகொள்ளுங்கள். விண்டோஸ், லினக்ஸ் இரண்டிலும் ஓடும். மேலே சொன்ன அகலங்களை அதிலேயே உள்ள லைன் கால்குலேஷன் கருவியில் போட்டுச் சரிபார்க்கலாம்.

1. டிரான்ஸ்மிஷன் லைன்ஸ் பிரிவிலிருந்து சப்ஸ்ட்ரேட், மைக்ரோஸ்ட்ரிப் லைன், கப்பிள்ட் மைக்ரோஸ்ட்ரிப் லைன் ஆகியவற்றை இழுத்துப் போடுங்கள். சப்ஸ்ட்ரேட்டில் 4.4, 1.6 மி.மீ., இழப்பு எண் 0.02 என்று கொடுங்கள்.
2. இரு முனைகளிலும் பவர் சோர்ஸ் வையுங்கள். எஸ் பாராமீட்டர் சிமுலேஷனை 0.3 முதல் 3 கிகா ஹெர்ட்ஸ் வரை அமையுங்கள்.
3. கைக்கும் உள்வரும் கோட்டுக்கும் உள்ள இடைவெளியை முதலில் வேண்டுமென்றே 2 மி.மீ. வைத்து எஃப்2 அழுத்துங்கள். எஸ்21 வரைபடத்தில் தனித்தனியாக மூன்று சிகரங்கள் தெரியும். 1.04, 1.71, 2.38-க்கு அருகில் இருக்கிறதா என்று பாருங்கள். அவைதான் நீங்கள் கால்குலேட்டரில் கண்டுபிடித்த மூன்று ஒத்ததிர்வுகள்.
4. இடைவெளியை 1, 0.6, 0.4 என்று குறையுங்கள். சிகரங்களுக்கு நடுவே உள்ள பள்ளங்கள் மேலேறி, மூன்றும் கலந்து மேடாகும். மேடு போதிய அளவு சமமாகவில்லை என்றால் இணைக்கோடுகளுக்கு நேர் கீழே உள்ள தரைத் தகட்டில் ஒரு ஜன்னல் வெட்டுவது வழக்கம். இடைவெளியைக் குறைக்காமலே இணைப்பு பலப்படும். இதைச் சோதிக்க குக்ஸ் போதாது. சோனெட் லைட், ஓப்பன்இஎம்எஸ் போன்ற இலவசப் புல சிமுலேட்டர்கள் வேண்டும்.

எஸ்21 பூஜ்யம் டிபி என்றால் முழுவதும் கடந்துபோகிறது. மைனஸ் 10 என்றால் பத்தில் ஒரு பங்கு. மைனஸ் 20 என்றால் நூறில் ஒரு பங்கு. இவ்வளவு தெரிந்தால் வரைபடம் படிக்கலாம்.

குழி வெட்டுவது எப்படி?

பாடப்புத்தக வழி, கோட்டின் ஓரத்தில் கால் அலைநீளத்துக்கு ஒரு முனை திறந்த கிளை ஒட்டுவது. ஸ்டப் என்பார்கள். திறந்த முனையில் தொடங்கி கால் அலைநீளம் வந்தால் ஒட்டிய இடத்தில் ஷார்ட் சர்க்யூட் போலத் தெரியும். அந்த அதிர்வெண் கடக்காது. 5.5 கிகா ஹெர்ட்ஸுக்கு, 100 ஓம் கோட்டில், இதன் நீளம் சுமார் 7.8 மி.மீ.; நம் மாதிரியில் சுமார் 31 மி.மீ.

ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். 50 ஓம் கோட்டில் ஒட்டிய 100 ஓம் ஸ்டப், 5.21 முதல் 5.79 வரை 10 டிபிக்கு மேல் தடுக்கிறது. பரவாயில்லை. அதே ஸ்டப் 4.64-லிருந்து 6.36 வரை பாதி சக்திக்கு மேல் விழுங்கிவிடுகிறது. 0.7 கிகா ஹெர்ட்ஸ் அகலமுள்ள வைஃபைக்காக 1.7 கிகா ஹெர்ட்ஸ் போய்விட்டது! பள்ளிக்கூடத்துக்காக அரை கிலோமீட்டர் சாலையை மூடிய கதைதான்.

எனவே கிளையை நேரடியாக ஒட்டாமல், லேசாகத் தொட்டும் தொடாமலும் வைக்கிறார்கள். வழக்கமான மூன்று வழிகள்:

* ஸ்பர்லைன்: நடுக்கோட்டின் ஓரத்தில் குறுக்காகத் தொடங்கி நீளவாக்கில் ஓடும் ‘எல்’ வடிவ மெல்லிய வெட்டு. கிளை கோட்டுக்குள்ளேயே ஒளிந்துகொள்கிறது. கூடுதல் இடம் ஒரு மில்லிமீட்டர்கூட வேண்டாம்.
* பக்கத்து ரெசனேட்டர்: கோட்டை ஒட்டி, சிறு இடைவெளி விட்டு, மடித்த அரை அலைநீளக் கோடு. இடைவெளியைக் கூட்டினால் குழி குறுகும்.
* தரைத் தகட்டில் வெட்டு: பலகையின் பின்பக்கச் செம்பில் குறிப்பிட்ட வடிவில் வெட்டுவது.

நம் மாதிரிக்கு ஸ்பர்லைன் பொருத்தம். 48 மி.மீ. நடுக்கோட்டில் 30 மி.மீ. வெட்டு நன்றாக அடங்கும். வெட்டின் அகலம் 0.4 மி.மீ. இருக்கட்டும். 30-ல் தொடங்கி, குழி 1.375-க்கு மேலே விழுந்தால் வெட்டை ஒவ்வொரு மி.மீ.யாக நீட்டுங்கள். வெட்டு போட்டதும் மூன்று ஒத்ததிர்வுகளும் கொஞ்சம் நகரும். நடுக்கோட்டின் நீளத்தை மறுபடி சரிசெய்ய வேண்டும். இரண்டாவது குழி வேண்டுமா? இன்னொரு வெட்டு, வேறு நீளம்.

பலகை தயாரிப்பு

வடிவத்தை லேசர் பிரின்டரில் கண்ணாடி பிம்பமாக, சரியாக 1:1 அளவில், பளபளப்பான தாளில் அச்சடியுங்கள். அச்சானதும் 98 மி.மீ. இருக்கிறதா என்று ஸ்கேல் வைத்துப் பாருங்கள். பிரின்டர் ‘ஃபிட் டு பேஜ்’ செய்திருந்தால் எல்லாம் வீண். தாளைப் பலகையில் கவிழ்த்து அயர்ன் பாக்ஸால் அழுத்தித் தேய்த்து, தண்ணீரில் ஊறவைத்துத் தாளை உரியுங்கள். பின்பக்கச் செம்பு தரைத் தகடு. அதை டேப் ஒட்டி மூடிவிட்டு ஃபெரிக் குளோரைடு கரைசலில் போடுங்கள். கையுறை அவசியம்; கறை துணியில் பட்டால் போகாது. செம்புப் பலகை, எஸ்எம்ஏ கனெக்டர் எல்லாம் சென்னை ரிச்சி தெருவில் கிடைக்கும்.

அளப்பதற்கு முன் நானோவிஎன்ஏவை ஓப்பன், ஷார்ட், லோடு, த்ரூ என்ற நான்கு படிகளிலும் கேலிபரேட் செய்யுங்கள். கேபிளின் முனை வரை செய்ய வேண்டும், கருவியின் வாயில் அல்ல.

எதிர்பார்க்க வேண்டியவை

சிமுலேஷனும் அளவீடும் அச்சு அசலாக ஒத்துப்போகாது. எஃப்ஆர்4 மலிவான பலகை. அதன் மின்கடத்தா எண் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். 4.4 என்று நினைத்தது 4.6 ஆக இருந்தால் எல்லாம் சுமார் 2 சதவீதம் கீழே இறங்கும். இதைத் தலைகீழாகவும் பயன்படுத்தலாம்: அளந்த ஒத்ததிர்விலிருந்து உங்கள் பலகையின் உண்மையான எண்ணைக் கண்டுபிடித்து, சிமுலேஷனில் போட்டு மறுபடி ஓட்டுங்கள்.

இரண்டாவது, இழப்பு. எஃப்ஆர்4-ல் அலை ஒரு அலைநீளம் ஓடினாலே சுமார் அரை டிபி போய்விடும். அதைவிட, குழியின் ஆழமும் குறையும். குழி எவ்வளவு குறுகலோ அவ்வளவு ஆழம் குறையும். 0.0009 இழப்பு எண் உள்ள உயர்ரகப் பலகையில் இந்தத் தொல்லை மிகக் குறைவு. சிமுலேஷனில் 0.02-க்குப் பதில் 0.0009 போட்டு இரண்டு வரைபடங்களையும் அருகருகே வைத்தால், பலகையின் விலை ஏன் அவ்வளவு வித்தியாசம் என்பது உங்களுக்கே புரிந்துவிடும்.

புராஜெக்ட் ரிப்போர்ட்டில் மூன்று வரைபடங்கள் போதும்: கணக்கில் வந்தது, சிமுலேஷனில் வந்தது, கருவியில் வந்தது. மூன்றும் ஏன் வேறுபடுகின்றன என்று இரண்டு பக்கம் எழுதுங்கள். வைவாவில் தேர்வாளர் ‘இந்த வெட்டு ஏன் இந்த நீளம்?’ என்று கேட்டால், ரெடிமேட் வாங்கியவர் முழிப்பார். நீங்கள் கால்குலேட்டரை எடுத்துக் கணக்குப் போட்டுக் காட்டலாம்.

கல்லூரி வழியாகக் கடிதம் வாங்கிக்கொண்டு, உண்மையான அளவிலும் ஒன்று செய்து பெரிய கருவியில் அளக்க முயலுங்கள். திருச்சி என்.ஐ.டி. பெரம்பலூரிலிருந்து பஸ்ஸில் போய்வரும் தூரம்தான். சென்னை தரமணியில் சமீர் நிறுவனத்தின் மின்காந்தவியல் மையம் இருக்கிறது. மாதிரியில் கையைப் பழக்கிவிட்டுப் போனால், அங்கே கிடைக்கும் ஒரு மணி நேரமும் வீணாகாது.